மணி விழுங்கும் மரமும் பட்டவராயன் செருப்பும்

ஆடி அமாவாசை நெருங்கினால் தென்மாவட்டச் சனம் பாபநாசம் மலைக்குக் கிளம்பிவிடும். அங்கே காரையாரில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். கோயிலில் ஒரு பழைய இலுப்பை மரம். வேண்டிக்கொண்டவர்கள் அதில் மணி கட்டுகிறார்கள். காலம் போகப் போக மரம் பருத்து, பட்டை வளர்ந்து, மணியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் அதற்கு மணி விழுங்கி மரம் என்றே பெயர். இதில் அற்புதம் ஒன்றுமில்லை. வேலிக்கம்பி கட்டிய வேப்பமரமும் சில வருஷத்தில் கம்பியை விழுங்கத்தான் செய்கிறது.

மணியாச்சி, கோவில்பட்டிக் கரிசலில் மரமே குறைவு. வானம் பார்த்த பூமி. அதனால் ஊருக்கு நிழல் தரும் ஒரு வேம்போ ஆலோ இருந்தால் அதுவே சாமியாகிவிடும். மஞ்சள் கயிறு ஏறும், பிள்ளை வரம் கேட்டுச் சின்னத் தொட்டில் தொங்கும். இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. ஸ்காட்லாந்தில் ஊற்றுக்குப் பக்கத்து மரங்களில் துணிக்கிழிசல் கட்டுகிறார்கள். துணி மக்கும்போது நோயும் போய்விடும் என்று நம்பிக்கை. ஜப்பானில் தனாபாட்டா திருவிழாவன்று மூங்கில் கிளையில் ஆசையைத் தாளில் எழுதித் தொங்கவிடுகிறார்கள். ஹாங்காங்கின் லாம் சுன் கிராமத்தில் முன்பு வேண்டுதல் தாளை ஆரஞ்சுப் பழத்தோடு கட்டி மரத்தில் எறிந்துவந்தார்கள். பாரம் தாங்காமல் 2005இல் கிளை முறிந்து ஆட்கள் மேல் விழுந்தது.

ஆஸ்பத்திரியும் கோர்ட்டும் எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு மரம்தான் மனு வாங்கும் ஆபீஸ். மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது, நம் தோழர்கள் பலர் அப்படித்தான் போகிறார்கள். நமக்கு வேறு கேள்வி இருக்கிறது. அந்த மரத்தடியில் யார் உட்கார முடிந்தது, யார் எட்டி நின்று கும்பிட்டார்கள்? ஊர்ப் பஞ்சாயத்து கூடிய அதே மரத்தடியில் நம் தாத்தாக்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே நின்றவர்கள்.

அந்தக் கேள்வியோடு காரையாருக்குத் திரும்பிப் போவோம். அதே கோயில் வளாகத்தில் பட்டவராயன் சன்னதி இருக்கிறது. அவருக்குக் காணிக்கை தோல் செருப்பு. ராத்திரி அவர் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறார், அதனால் செருப்பு தேய்கிறது என்று சனம் சொல்கிறது. மேலத்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வைக்கப்பட்ட மக்கள், ஒரு தெய்வத்துக்குச் செருப்புத் தைத்துக் கொண்டுபோய் வைக்கிறார்கள். இதைவிடக் கூர்மையான வரலாற்று ஆவணம் நம்மிடம் அதிகம் இல்லை.

பட்டவராயன் என்பவர் முத்துப்பட்டன். பிறப்பால் பார்ப்பனர். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறார். வாலப்பகடை அருந்ததியர். எங்களில் ஒருவனாக மாறினால் பெண் தருகிறேன் என்கிறார். பட்டன் குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிகிறார், தோல் வேலை கற்கிறார், கல்யாணம் முடிக்கிறார். மாமனாரின் மாடுகளை மீட்கப் போய்க் கள்ளர்களோடு நடந்த சண்டையில் சாகிறார். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். (இந்தக் கடைசிப் பகுதியை நாம் புகழ வேண்டியதில்லை. பெண்ணைத் தீயில் இறக்கித்தான் தெய்வமாக்கத் தெரிகிறது என்றால் அது நம் கதையாக இருந்தாலும் குறைதான்.)

இந்த வில்லுப்பாட்டுக் கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்தார், மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. கதைக்குள் பிற்காலத்தில் நுழைந்த ஒரு மாற்றத்தை அவர் சுட்டிக்காட்டினார். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகளாம், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம். அவ்வளவுதான், வேலை முடிந்தது. பட்டன் சாதியை மீறவே இல்லை என்றாகிவிடுகிறது. வாலப்பகடை அப்பாவிலிருந்து வளர்ப்புக்காரராக இறங்குகிறார். மணியை மரம் விழுங்குவது போல இந்தப் பகுதி கதையை விழுங்கப் பார்த்தது. செருப்பை மட்டும் விழுங்க முடியவில்லை. பார்ப்பனருக்கும் பார்ப்பனப் பெண்களுக்கும் நடந்த கல்யாணம் என்றால் சன்னதியில் செருப்பு எதற்கு?

சாமி இல்லாத ஒரு மரத்தையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். 1917இல் அண்ணல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடமில்லாமல் பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கும்பல் அவரை வெளியேறச் சொன்னது. பம்பாய் ரயில் வரும்வரை காமாத்தி பாக் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அப்பா அம்மாவை நினைத்துக்கொண்டதாக ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் எழுதுகிறார். அதில் தோட்டம் வருகிறது. ஆலமரமும் அதன் அடியில் அவர் எடுத்த உறுதியும் மக்களின் நினைவில் வருகின்றன. இன்று அந்த இடம் சங்கல்ப பூமி. செப்டம்பர் 23 அன்று அங்கே கூடுகிறவர்கள் வரம் கேட்பதில்லை, உறுதி எடுக்கிறார்கள்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு மணியாச்சியில் ரயில் ஏறுகிற மாணவர்கள் காரையாரில் ஒரு வேலை செய்யலாம். வில்லுப்பாட்டுக் கலைஞர்களிடம் உட்கார்ந்து, பொம்மக்கா யார் பெற்ற மகள் என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் அவர்கள் சம்மதத்தோடு செல்போனில் பதிவு செய்யுங்கள். செருப்புத் தைத்துக் கொண்டுவந்த குடும்பங்களிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.