சமஸ்தானம் கரைந்தது, வாக்கு வளர்ந்தது: புதுக்கோட்டையில் மக்கள் பிரதிநிதித்துவம் (1902–2009)

காவிரிப் பாசனத்தை நம்பிய தஞ்சையில் மராட்டிய அரசு 1799இல் நிர்வாக அதிகாரத்தை இழந்தது. 1855இல் அரச மரபும் முடிந்தது. அதன் தென்மேற்கே ஏரி, கண்மாய்களை நம்பிய புதுக்கோட்டையில் தொண்டைமான்களின் ஆட்சி 1948 வரை நீடித்தது. ஆகவே, அடுத்தடுத்த இரு நிலப்பகுதிகளில் வாக்குரிமை இரு வழிகளில் வந்தது. தஞ்சை மக்கள் சென்னை மாகாணச் சட்டசபைக்கு வாக்களித்தார்கள். புதுக்கோட்டைக்குத் தனிச் சபையே இருந்தது. புதுக்கோட்டை மக்களின் வாக்குக்கு உண்மையான அதிகாரம் எப்போது கிட்டியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மனுவிலிருந்து கேள்விக்கு

சமஸ்தான நிர்வாகத்தின் நவீன வடிவம், தஞ்சை மண்ணில் பிறந்த திவான் சேஷய்ய சாஸ்திரியின் காலத்தில் (1878–1894) உருப்பெற்றது. விளைச்சலில் பங்கு பெறும் அமானி முறை போய், நிலத்துக்குப் பணவரி வந்தது. வரி நிலையானதும், அதைப் பற்றிப் பேச ஓர் இடமும் தேவைப்பட்டது. மைசூர் 1881இல் தொடங்கிய பிரதிநிதி சபையை முன்மாதிரியாகக் கொண்டு, 1902இல் புதுக்கோட்டைப் பிரதிநிதி சபை அமைந்தது. தொடக்கத்தில் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டார்கள். தேர்தல் பின்னரே வந்தது. குறைகளைச் சொல்லலாம், தீர்வைத் தர்பார்தான் முடிவு செய்யும்.

1924இல் இதன் இடத்தைச் சட்டசபை பிடித்தது. 50 உறுப்பினர்களில் 35 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கேள்வி கேட்கவும், தீர்மானம் கொண்டுவரவும், வரவு செலவை விவாதிக்கவும் முடிந்தது. ஆனால் திவான் சபைக்குப் பொறுப்பானவர் அல்லர். பெரும்பான்மை அவரை நீக்க முடியாது. எண்ணிக்கையில் முன்னேற்றம் தெரிந்தாலும், ஆட்சியை மாற்றும் வலு வாக்குக்கு வரவில்லை. திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தியும், புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியும் பெயர் பெற்றது சென்னைச் சட்டசபையில்தான். அரசியல் திறமை வேலி தாண்டிச் சென்றதை இது காட்டுகிறது.

ஐரோப்பாவின் சிற்றரசான லிக்டன்ஸ்டைன் இங்கே ஒப்பிடத் தகும். அங்கே 1862 அரசியலமைப்பின்படி அமைந்த 15 பேர் கொண்ட சபையில் மூவரை இளவரசர் நியமித்தார். 1921 அரசியலமைப்பு உறுப்பினர் அனைவரையும் தேர்தலுக்கு உட்படுத்தியது. ஆனால் பெண்களுக்கு வாக்கு 1984இல்தான் கிடைத்தது. இளவரசரும் எல்லையும் நிலைத்திருக்க, வாக்குரிமை படிப்படியாக விரிந்தது.

இணைப்பும் பிறகும்

புதுக்கோட்டையில் நடந்தது லிக்டன்ஸ்டைனில் நடந்ததற்கு மாறானது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தில் இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு கோட்டமாயிற்று. தனிச் சபை மறைந்தது. நான்கே ஆண்டுகளில் வயது வந்த ஆண் பெண் அனைவரும் வாக்களிக்க முடிந்தது. 1952இல் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி தேர்ந்தெடுத்தவர் காங்கிரஸ்காரர் அல்லர். கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் முத்துசாமி வல்லத்தரசு. 1962இலும் 1967இலும் கம்யூனிஸ்ட் ஆர். உமாநாத் வென்றார். தர்பாரின் நிழலில் இருந்த ஊர், ஆளும் கட்சிக்கு எதிராக வாக்களிக்கத் தயங்கவில்லை.

1974 ஜனவரியில் திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் தனி மாவட்டம் உருவானது. ஆனால் 2008 மறுவரையறையில் மக்களவைத் தொகுதி நீக்கப்பட்டது. இன்று மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன: கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சியில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி இராமநாதபுரத்தில், விராலிமலை கரூரில். 2009 தேர்தலில் தொகுதி இழப்பை எதிர்த்துப் பலர், யாருக்கும் வாக்களிக்க விரும்பவில்லை என்று பதிவு செய்யும் 49-ஓ விதியைக் கையில் எடுத்தார்கள்.

முடிவு

தனிச் சபை இருந்தவரை புதுக்கோட்டைக்கு வரைபடத்தில் பெயர் இருந்தது, வாக்குக்கு வலு இல்லை. இணைப்புக்குப் பின் வலு வந்தது. மக்களவைத் தொகுதிப் பட்டியலிலிருந்து பெயர் அறுபதாண்டுக்குள் போயிற்று. 2009இன் கோபத்தைப் பழைய அரசப் பெருமை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. கேள்வி கேட்கப் பழகிய மக்கள், தம் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரைத் தம் மாவட்டத்தின் பெயரிலேயே தேடினார்கள்.