உண்ணி பொறுக்கப் போனவர்

1970களின் தொடக்கத்தில் வங்காரி மாத்தாயின் கவலையெல்லாம் மாட்டு உண்ணி. கென்யாவின் நைரோபி பல்கலைக்கழகத்தில் கால்நடை உடற்கூறியல் ஆசிரியர் அவர். கலப்பின மாடுகளுக்குக் காய்ச்சலைப் பரப்பும் ஒரு வகை உண்ணியைச் சேகரிக்க ஊர் ஊராகப் போனார். போன இடமெல்லாம் மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. மேயப் புல் இல்லை. மழை பெய்தால் ஆறு குழம்பாக ஓடியது. உண்ணியை விட மொட்டையாகிப்போன மண்தான் மாட்டுக்குப் பெரிய எமன் என்று அவருக்குப் பட்டது. பின்னாளில் அவர் தொடங்கிய கிரீன் பெல்ட் மரநடவு இயக்கத்தின் விதை அங்கே விழுந்தது.

முளைக்க வைத்தது அடுப்பு. அவர் பிறந்த நியேரியை உள்ளடக்கிய மத்திய கென்யா செழிப்பான பூமி. அங்கே பிள்ளைகளுக்குச் சத்துக்குறைவு என்று கென்யாவின் தேசியப் பெண்கள் பேரவைக் கூட்டமொன்றில் கேள்விப்பட்டுத் திடுக்கிட்டார். விசாரித்தால் காரணம் விறகு. காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டாயிற்று. மணிக்கணக்கில் வேக வேண்டிய அவரைக்கும் மக்காச்சோளத்துக்கும் எரிக்கச் சுள்ளி ஏது? சட்டென்று வேகும் வெள்ளை அரிசிக்கும், வேகவே வேண்டாத ரொட்டிக்கும் தாய்மார்கள் மாறியிருந்தார்கள். பேரவையில் பலர் வழி யோசித்துக்கொண்டிருக்க, இவருக்குத் தோன்றியது ஒன்றுதான்: மரம் நடலாமே.

முதல் முயற்சி ஏற்கெனவே படுத்திருந்தது. 1974 தேர்தலில் கணவர் வேலை தருவதாக வாக்குக் கொடுத்தார். ஜெயித்தபின் அவர் மறந்தாலும் மனைவி மறக்கவில்லை. அந்த வேலைகளை உண்டாக்கக் கரூரா காட்டில் நாற்றங்கால் போட்டார். தண்ணீர்ப் பஞ்சத்தில் கன்றுகள் கருகின. பிறகு 1977 ஜூன் 5 அன்று, பேரவையின் பெயரால் ஊர்வலமாகப் போய்க் கமுகுஞ்சி பூங்காவில் ஏழு மரக்கன்றுகள் நட்டார்கள். கிரீன் பெல்ட் என்ற பெயர் அப்போது இல்லை. ஊர் கூடித் தேர் இழுப்பதைச் சொல்லும் ஸ்வாஹிலிச் சொல்லான ‘ஹரம்பே’தான் திட்டத்தின் பெயரில் இருந்தது. ஆயிரம் கன்றுகளுக்குக் குறையாமல் வரிசை பிடித்து நடும் வழக்கம் வந்தபின், மண்ணின் இடுப்பில் கட்டிய பச்சைக் கச்சை போல அது தெரிய, பெயரும் ஒட்டிக்கொண்டது.

வனத்துறைத் தலைவரிடம் போய், கென்யர் ஒருவருக்கு ஒன்று என்று ஒன்றரைக் கோடி மரம் நடப்போவதாகச் சொன்னாராம். அவர் சிரித்துவிட்டு, கன்று வேண்டிய மட்டும் இலவசம் என்றார். ஒரு வருஷத்துக்குள், இத்தனையை இலவசமாகத் தர முடியாது என்று கையை விரித்தார். சரி, பெண்களே வளர்க்கட்டும் என்றால், பாடம் நடத்த வந்த வன அலுவலர்கள் நிலத்தின் சரிவையும் வெயில் விழும் கோணத்தையும் விளக்கி மிரட்டினார்கள். ஆயுசு முழுக்க அவரை விதைத்தவளுக்கு எதற்கு இதெல்லாம்? உடைந்த சட்டியிலும் பழைய தகர டப்பாவிலும் நாற்று எழுந்தது. நட்ட கன்று பிழைத்தால்தான் காசு. அமெரிக்கக் கணக்கில் 4 சென்ட். அற்பத் தொகைதான். ஆனால் ‘பிழைத்தால்தான்’ என்ற அந்த நிபந்தனையில்தான் இயக்கத்தின் உயிர் இருந்தது என்பேன். நட்டுவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகிற விழாக்களை நாமும் பார்க்கிறோமே.

இடையில் மணமுறிவு. தன் பெயரை விட்டுவிடச் சொன்னார் கணவர். இவர் அதில் ஒரு எழுத்தைக் கூட்டினார். நம் கணக்கில் ‘மத்தாய்’க்கு ஒரு துணைக்கால் போட்டு ‘மாத்தாய்’ ஆன மாதிரி.

பெண்கள் கூடிக் கன்று வளர்ப்பது அதிபர் மோய் அரசுக்கு உறுத்தியது. ஒன்பது பேருக்கு மேல் கூட லைசென்ஸ் வேண்டும் என்ற வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் தூசி தட்டப்பட்டது. 1989இல் நைரோபியின் ஊஹுரு பூங்காவில் ஆளுங்கட்சி 60 மாடிக் கோபுரம் எழுப்ப முனைய, வங்காரி கடிதம் மேல் கடிதமாக எழுதினார். நாடாளுமன்றம் ஏசியது. இயக்கத்தின் அலுவலகத்தை 24 மணி நேரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். ஃபைல்கள் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. கோபுரம் மட்டும் எழவில்லை.

பத்து வருஷம் கழித்துக் கரூராவின் முறை. முதல் நாற்றங்கால் கருகிய அதே காட்டை அதிகாரத்துக்கு வேண்டியவர்களுக்குப் பங்கு போட்டிருந்தார்கள். 1999 ஜனவரி 8 அன்று மரக்கன்றோடு போனவரை அடியாட்கள் தாக்கினார்கள். மண்டை உடைந்தது. இன்று கரூரா காடாகவே இருக்கிறது. அன்று காவல் நிலையத்தில் புகாருக்குக் கையெழுத்துக் கேட்டபோது, தலையில் வழிந்த ரத்தத்தைத் தொட்டுப் போட்டார்.