ஆடுகளமும் வகுப்பறையும்



திண்டுக்கல் மாவட்டத்தில், வத்தலக்குண்டை அடுத்த சேவுகம்பட்டியில் தை மாதத்தில் ஒரு விழா நடைபெறும். ஊரார் கூடை கூடையாக வாழைப்பழங்களைச் சுமந்து சென்று, பெருமாள் கோயிலில் சூறைவிடுவர். பழக்கூடை அங்கே வழிபாட்டுக்கு உரியது. கடல் கடந்த ஒரு நாட்டிலோ, பழக்கூடை ஒரு விளையாட்டுக்கே பெயர் தந்தது. 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பீச் என்னும் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் இரு புறத்தும் பத்தடி உயரத்தில் பொருத்தி, அவற்றுள் பந்தை இடுமாறு தம் மாணவர்க்குக் கற்பித்தார். அதுவே கூடைப்பந்தின் பிறப்பு.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அங்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நம் பள்ளிகள் பலவற்றிற்கும் சென்றனர். ஆகவே நம் ஆடுகளங்களுக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் இடையே ஆசிரியர் வழி வந்த உறவு ஒன்று உண்டு. இவ்விளையாட்டைத் தோற்றுவித்தவர் ஆசிரியர், பரப்பியவரும் ஆசிரியர். இன்று நான் கூற வந்ததும் ஓர் ஆசிரியையின் வரலாறே. டென்னசிப் பல்கலைக்கழகத்தின் மகளிர் கூடைப்பந்து அணிக்கு 38 ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக விளங்கிய பாட் சம்மிட் அம்மையாரே அவர்.

அவருடைய பணியின் அருமை விளங்க வேண்டுமாயின், மகளிர் ஆட்டத்தின் தொடக்கத்தைச் சிறிது அறிதல் வேண்டும். விளையாட்டுத் தோன்றிய மறு ஆண்டே, ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதனைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். லிதுவேனியாவிற் பிறந்து, சிறுமியாகவே அமெரிக்காவில் குடியேறியவர் அவர். 1893 மார்ச் 22ஆம் நாள் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் ஆடிய ஆட்டத்தைக் காண ஆடவர் எவருக்கும் அனுமதி இல்லை. ஓடியாடுவது பெண்களின் உடலுக்கு ஆகாது என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. அதனால் பெரன்சன் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவள் மற்றொரு பகுதிக்குள் செல்லலாகாது என்று விதித்தார். பந்தைப் பறித்தலும் கூடாது. அக்காலத்துக்கு இவ்விதிகள் ஒரு காப்பாக இருந்தன. அந்தக் காப்பின்கீழ்ப் பெண்கள் ஆடத் தொடங்கினர். ஆனால் காலம் செல்லச் செல்ல, காப்பாக அமைந்ததே தளையாகியது.

அத்தளையின் மிச்சத்தைப் பாட் சம்மிட் தம் காலத்திலும் கண்டார். அவர் 1952 ஜூன் 14ஆம் நாள், டென்னசி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில் என்னும் ஊரில், ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பகலெல்லாம் பண்ணை வேலை. மாலையில் வைக்கோல் அடுக்கும் பரணில், மூன்று தமையன்மாருடன் கூடைப்பந்து. உயர்நிலைப் பள்ளியில் சேரும் வயது வந்தபோது, அவ்வூர்ப் பள்ளியில் பெண்களுக்கென அணி இல்லை. தந்தையார் என்ன செய்தார் தெரியுமா? பெண்கள் அணி உள்ள பள்ளியில் மகள் சேர வேண்டும் என்பதற்காக, குடும்பத்தோடு அடுத்த வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தார். மகனின் படிப்புக்காக வீடு மாறும் பெற்றோரை நாம் அறிவோம். மகளின் ஆட்டத்துக்காக வீடு மாறியவரை அறிவது அரிது.

ஆயினும் கல்லூரிக்குச் சென்றபோது வேறுபாடு மீண்டும் எதிர்ப்பட்டது. அவருடைய தமையன்மார் விளையாட்டுக்காக உதவித்தொகை பெற்றுப் படித்தனர். தங்கைக்கு அது கிட்டவில்லை; பெற்றோரே செலவு செய்தனர். திறமையிற் குறைவு அன்று காரணம். பெண்களுக்கு அத்தகைய உதவித்தொகையே இல்லாமைதான். 1972இல் அமெரிக்க நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. அரசின் பொருளுதவி பெறும் கல்வி நிலையங்கள் ஆண் பெண் என்று வேறுபாடு காட்டலாகாது என்பது அதன் கருத்து. சட்டத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் அச்சட்டமே மகளிர்க்கு ஆடுகளத்தின் வாயிலைத் திறந்தது.

வாயில் திறந்தால் போதுமா? உள்ளே அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டுமல்லவா? 1974இல் டென்னசிப் பல்கலைக்கழகம் பாட் அம்மையாரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது. அப்போது அவருக்கு வயது 22. அணியில் இருந்த சிலர் அவரைவிட ஓரிரு வயதே இளையவர்கள். ஊதியம் மாதம் 250 டாலர். உடற்பயிற்சி வகுப்புகளையும் அவரே நடத்தினார். தாமும் முதுகலைப் பட்டத்துக்குப் படித்தார். அணியினரின் சீருடைகளைத் துவைத்தார். வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும் வண்டியை ஓட்டினார். முதல் ஆட்டத்தில் ஒரே புள்ளி வேறுபாட்டில், 84க்கு 83 என்று தோல்வியுற்றார்.

இத்தனை பணிக்கும் இடையே, தம் ஆட்டத்தையும் அவர் கைவிடவில்லை. முழங்காலில் நேர்ந்த கடுங்காயத்திலிருந்து மீண்டு, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடினார். மகளிர் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அவ்வாண்டுதான். சோவியத் அணி தங்கம் வென்றது. இவருடைய அணி வெள்ளி பெற்றது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், இவர் பயிற்சியளித்த அமெரிக்க அணி தங்கம் வென்றது.

தளை என்று முன்னர்க் குறிப்பிட்டேன். டென்னசி மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் அணிக்கு அறுவராக ஆடி வந்தனர். மூவர் பாதிக் களத்தில் நின்று கூடையில் பந்தை இடுவர். மற்ற மூவர் மறுபாதியில் நின்று தடுப்பர். நடுக்கோட்டை எவரும் தாண்டலாகாது. தடுக்கும் இடத்தில் நின்ற பெண், பள்ளியை விட்டுச் செல்லும் வரை ஒருமுறையேனும் கூடையை நோக்கிப் பந்தை எறிந்திருக்க மாட்டாள். இத்தகைய பெண் முழுக் களத்திலும் ஐவராக ஆடும் கல்லூரி ஆட்டத்தில் எவ்வாறு ஈடுகொடுப்பாள்? பாட் அம்மையார் இம்முறையை வெளிப்படையாக எதிர்த்தார். 1979இல் அம்மாநிலம் அதனைக் கைவிட்டது. பெண்களும் களம் முழுவதும் ஓடலாயினர்.

பின்னர் வந்த வெற்றிகளை விரைந்து கூறிவிடலாம். 1987 முதல் 2008 வரை எட்டு முறை அவர் அணி தேசியக் கல்லூரி வாகையைச் சூடியது. 1997-98ஆம் பருவத்தில் ஆடிய 39 ஆட்டங்களிலும் வென்றது. மொத்த வெற்றிகள் 1,098, தோல்விகள் 208. அவர் ஓய்வு பெற்ற நாளில், முதல் நிலைக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆடவர் அணிப் பயிற்சியாளர் எவரும் அத்தனை வெற்றி பெற்றிருக்கவில்லை. பிற்காலத்தில் வேறு சிலர் அவ்வெண்ணைக் கடந்தனர். எண்கள் கடக்கப்படுவதற்கே உரியவை. ஆனால் கடக்க முடியாத எண் ஒன்று அவரிடம் இருந்தது; அது நூற்றுக்கு நூறு. தம் ஆட்டக் காலம் முழுவதையும் அவர் அணியிலேயே நிறைவு செய்த மாணவியர் அனைவரும் பட்டம் பெற்றனர்.

இது தானே நிகழ்ந்ததன்று. அவர் விதித்த நெறிகள் கடுமையானவை. அணியைச் சேர்ந்த மாணவி வகுப்பில் முதல் மூன்று வரிசைகளுள் அமர வேண்டும். தக்க காரணமின்றி வகுப்புக்கு வாராதவள், எத்தகைய சிறந்த ஆட்டக்காரியாயினும் ஆட்டத்தில் இறங்க இயலாது. பயிற்சியில் சோர்ந்தவரை அவர் நோக்கும் பார்வைக்கே மாணவியர் அஞ்சுவர். ஆயினும் அவரைப் "பாட்" என்று பெயர் சொல்லியே அழைத்தனர். அவ்வாறு அழைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது நம் மரபு அன்று. ஆனால் அச்சமும் அன்பும் ஓரிடத்தே இருத்தல் கூடும் என்பதை நல்லாசிரியரிடம் பயின்ற எவரும் அறிவர்.

2011 ஆகஸ்டில், நினைவாற்றலைச் சிறிது சிறிதாக அழிக்கும் அல்சைமர் நோய் தம்மைப் பற்றியுள்ளது என்பதை அவரே உலகுக்கு அறிவித்தார். அப்போது வயது 59. மறைக்கவில்லை, உடனே விலகவும் இல்லை. மேலும் ஒரு பருவம் அணியோடு இருந்து, 2012 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அவரிடம் ஆட்டக்காரியாகப் பயின்று, பின் துணைப் பயிற்சியாளராக நெடுங்காலம் பணியாற்றிய ஹாலி வார்லிக் அப்பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டே அந்நாட்டின் உயரிய குடிமகன் விருது பாட் அம்மையாருக்கு வழங்கப்பெற்றது. 2016 ஜூன் 28ஆம் நாள் அவர் மறைந்தார். ஆயிரம் ஆட்டங்களை நினைவில் வைத்திருந்தவரிடமிருந்து அந்நினைவுகள் விலகின. எனினும் அவர் கற்பித்தவை மாணவியரிடம் நிலைத்தன. அவர்களுள் பலர் தாமும் பயிற்சியாளராயினர்.

மாணவ மாணவியரே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஆட்டம் படிப்பைக் கெடுக்கும் என்று சொல்லி, பத்தாம் வகுப்பு வந்ததும் பெண்களைக் களத்திலிருந்து அழைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் உள்ளது. உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுப்பதும், அக்கடன் திரும்பி வாராததும் பல பள்ளிகளில் காணும் செய்தியே. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணியின் தலைவியாக விளங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் பெண்களுக்கு ஆற்றல் குறைவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. வேண்டுவன மூன்று: ஒரு களம், மாலையில் ஒரு மணி நேரம், வகுப்பறையையும் களத்தையும் ஒரே பள்ளியின் இரண்டு அறைகளாகக் கருதும் ஓர் ஆசிரியர். முதலிரண்டையும் ஊரார் மனம் வைத்தால் தரலாம். மூன்றாவதை உங்களுள் சிலர் வளர்ந்து தருதல் வேண்டும்.