மலையகச் சரித்திரம்: அச்சம் நின்ற இடங்களில் காவல் தெய்வங்கள்

தோட்டவேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டு, சென்ற இதழில் வடபாதையில் நாம் பிரிந்த கூட்டத்தை இன்று மலையின்மேல் சந்திக்கிறோம். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீரற்ற காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்த அந்த ஜனங்களுள், 1840களில் நால்வருக்கு ஒருவர் மாண்டிருக்கலாமென்று 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று கணக்கிட்டெழுதியது. பேதியும் அம்மையும் பின்தொடர, இறந்தவருக்காக அழவும் பொழுதின்றி நடந்தவர்கள், உயிரோடு மாத்தளையை அடைந்ததும் முத்துமாரியம்மனைக் கைகூப்பித் தொழுதார்கள். அம்மையைத் தருபவளும் தணிப்பவளும் அவளே என்ற விசுவாசம் ஊரிலிருந்து அவர்களோடு நடந்து வந்தது.

மலையேறிய பின்னும் அச்சம் அவர்களை விடவில்லை. நுவரெலியாவை அடுத்த கந்தப்பளை கடல்மட்டத்திற்கு 6,000 அடிக்கு மேலே இருக்கும் குளிர்ப் பிரதேசம். ஒருபுறம் தேயிலை, மறுபுறம் சீதா எலிய வரை செல்லும் அடர்ந்த வனம். அதன் ஓரத்து மலைகளில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குச் சிறுத்தையின் பயம் இன்றும் உண்டு. அத்தகைய காட்டோரங்களிலேதான் முனியாண்டியின் சூலம் நாட்டப்பட்டது. தேயிலை ஆலையான ஸ்டோரில் பெல்ட்டும் ரோதை எனப்படும் சக்கரமும் சுழல, சேலைத் தலைப்போ கைவிரலோ சிக்கினால் நொடியில் விபரீதம் நேரக்கூடிய இடத்தில் ரோதைமுனி பிரதிஷ்டையானார். செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில், தேயிலைச் செடியின் அடியில் ஒரு கல்லை நிறுத்தி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, கூரிய கத்திகளை அதன்முன் வைத்துக் கற்பூரம் காட்டினால் அதுவே கவ்வாத்துச் சாமி. பூசை முடிந்ததும் அதே கத்தியை எடுத்துக்கொண்டு, பனி உலராத செடிகளுக்குள் ஆண்கள் இறங்குவார்கள்.

இவற்றைப் பாமரரின் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரோடு என்னால் உடன்பட முடியவில்லை. எங்கே கை அறுபடுமோ, எங்கே உயிர் போகுமோ, அந்த இடத்தை ஒவ்வொன்றாய்க் கண்டறிந்து அங்கங்கே இறைவனை அழைத்து நிறுத்தியவர்கள், ஆபத்தைத் தம் துரைமாரினும் நன்கறிந்தவர்கள்; அறிந்தும் மறுநாட் காலை ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குத் தவறாமல் சென்றவர்கள். வைத்தியரும் வக்கீலும் எட்டாத, லயம் எனும் வரிசைவீடுகளில் வாழ்ந்த மனிதருக்கு, தம் பக்கம் நிற்க ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தை வேறெவர் கொடுத்தார்?

பின்னர் மனிதரால் வந்த பயம் மூண்டது. 1948ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் தீர்மானித்தது. 1977இலும் 1983இலும் கலவரம் மலைநாட்டையும் எட்டியது. 1983 ஜூலையில் நுவரெலியா நகரமே தீக்கிரையாயிற்று. அந்நாட்களில் குழந்தையை மார்போடணைத்துத் தேயிலைச் செடிகளுக்கிடையே ஒளிந்திருந்த இரவுகளையும், வாய்க்குள்ளேயே மாரியம்மனை அழைத்ததையும் தோட்டத்து முதியோர் இப்போதும் சொல்வதுண்டு. வேண்டியவர் அனைவரும் காக்கப்பட்டனர் என்று எழுத எனக்குத் துணிவில்லை. காக்கப்படாதவரின் வீட்டாரும் மறுவருஷம் திருவிழாவுக்குக் கரகம் பாலித்தனர் என்பதைத்தான், இந்தச் சரித்திரத்தில் எல்லாவற்றினும் பெரிதாக நான் மதிக்கிறேன்.

ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர்களுள் பலர், தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். யானைகள் இறங்கும் கூடலூர்ப் பக்கத்திலும், குளிர் மிகுந்த கோத்தகிரியிலும் அவர்களுடைய குடியிருப்புகளோடு மாரியம்மன் கோயில்களும் எழுந்தன. அவர்களை அங்கே சென்று காண்பது அடுத்த வாரத்துக் காரியம்.