டொமைன் அஞ்சலும் ஹோஸ்டிங் நிர்வாகமும்: திருநெல்வேலிச் சீமை

சொந்த டொமைன் பெயரில் ஓர் இணையதளத்தை நடத்துவதற்கும், அதே பெயரில் மின்னஞ்சல் முகவரிகளை வைத்துக்கொள்வதற்கும் வேண்டிய கணக்கை வாங்கி, ஆண்டுதோறும் புதுப்பித்து, பழுது வராமல் பரிபாலனம் செய்யும் காரியமே ஹோஸ்டிங் நிர்வாகம் எனப்படும். வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இக்காரியத்துள் மூன்று உரிமைகள் தனித்தனியே அடங்கியிருக்கின்றன: ரிஜிஸ்ட்ராரிடம் பெயரைப் பதிந்து பெறுவது ஒன்று, தளத்தின் கோப்புகள் தங்குவதற்குச் சர்வரில் இடம் பெறுவது மற்றொன்று, கடிதங்கள் வந்து சேர அஞ்சல் சர்வரில் பெட்டி பெறுவது மூன்றாவது. பெயர் பட்டாவைப் போன்றது; மற்றவை இரண்டும் வாடகைக் குடித்தனம். மூன்றும் நெடுங்காலம் ஒரே ரசீதில் விற்கப்பட்டு வந்தமையால் இந்த வேற்றுமை சாமானிய வியாபாரிகளின் கவனத்துக்கு வரவேயில்லை. தாமிரபரணிப் பிரதேசத்தில் இத்துறையின் சரித்திரம், சுருங்கச் சொன்னால், அம்மூன்றும் பிரிந்த சரித்திரமே ஆகும்.

கடிதத்தை ஒரு சர்வரிலிருந்து மற்றொரு சர்வருக்குக் கொண்டு சேர்க்கும் எஸ்எம்டிபி நியமம் 1982-இல் வெளியாயிற்று. எண்களால் ஆன முகவரிகளுக்குப் பதிலாகப் பெயர்களை வழங்கும் டிஎன்எஸ் ஏற்பாடு 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவரால் வகுக்கப்பட்டது. ஒரு பெயருக்கு வரும் கடிதத்தை எந்தச் சர்வரிடம் ஒப்படைப்பது என்று அறிவிக்கும் எம்எக்ஸ் பதிவு 1986-இல் தோன்றியது. தளம் ஓரிடத்திலும் அஞ்சல் வேறிடத்திலும் இருக்கலாம் என்ற சாத்தியம் அந்த எம்எக்ஸ் பதிவிலேயே உதித்துவிட்டது என்றாலும், அதன் பிரயோஜனத்தைச் சிறு வியாபாரிகள் அனுபவிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணைய சேவையைத் தொடங்கியபோது அது சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களோடு நின்றது. சென்னையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த நெல்லைக்கு அது பத்திரிகைச் செய்தியாகவே முதலில் வந்தது. பின்னர் பிரவுசிங் சென்டர்கள் பெருகிய நாளில், திருநெல்வேலி ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் உள்ள கடைக்காரர்கள் யாகூ, ஹாட்மெயில், ரெடிஃப் முதலிய இலவச முகவரிகளையே விசிட்டிங் கார்டில் அச்சிட்டுக்கொண்டார்கள். கல்வி ஸ்தாபனங்களின் நிலை வேறு. 1990-இல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு உரிய ஏசி.இன் பெயர்களை எர்னெட் இந்தியாவும், அரசாங்க அலுவலகங்களுக்கு உரிய பெயர்களைத் தேசியத் தகவலியல் மையமும் வழங்கி வந்தன. பொதுமக்களுக்கான .இன் பெயர்ப் பதிவு 2005-இல் நிக்ஸி என்னும் அமைப்பின் பொறுப்பில் தாராளமாக்கப்பட்ட பிறகே, சிறு ஊர்களின் கடைக்காரருக்கும் சொந்தப் பெயர் எட்டும் பொருளாயிற்று.

அந்தக் கட்டத்தில் நடைமுறையை ஆண்டது 1996-இல் அமெரிக்காவில் உருவான சி-பேனல் என்னும் மென்பொருள். ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான கணக்குகளாகப் பங்கிட்டு, ஒவ்வொரு கணக்கிலும் கோப்பு, தரவுத்தளம், அஞ்சற்பெட்டி ஆகிய அனைத்தையும் ஒரே திரையில் திறந்து காட்டிய அதன் சௌகரியத்தை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் பகிர்ந்த சர்வரில், பக்கத்துக் கணக்குக்காரர் ஒருவர் குப்பைக் கடிதம் அனுப்பினால் அந்தச் சர்வரின் ஐபி முகவரியே கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். அல்வாக் கடைக்காரர் அனுப்பிய விலைப்பட்டியல் வாங்குபவரின் ஸ்பேம் பெட்டிக்குள் போய்விழும். இதைவிடப் பெரிய அனர்த்தம் மனிதர்களால் நேர்ந்தது. தளத்தைக் கட்டிக் கொடுத்த டிசைனர் தம் பெயரிலேயே டொமைனையும் பதிந்து, கடவுச்சொல்லையும் தம்மிடமே வைத்துக்கொள்வது சர்வ சாதாரணமான வழக்கமாக இருந்தது. அவர் தொழிலை விட்டுவிட்டாலோ வெளியூர் போய்விட்டாலோ, பணம் கொடுத்த முதலாளிக்குத் தம் கடைப் பெயரின்மேல் சட்டப்படி ஓர் ஆதாரமும் கையில் இராது. புதுப்பிக்கத் தவறிய .காம் பெயர், சலுகைக் காலம் கழிந்தபின் முப்பது நாள் மீட்புக் காலத்தில் கூடுதல் கட்டணத்துக்கே கிடைக்கும். அதன்பின் ஐந்து நாளில் அழிக்கப்பட்டு, எவரும் எடுத்துக்கொள்ளத்தக்க பொதுப் பொருளாகிவிடும்.

அஞ்சலை ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்துத் தனிச் சேவையாக விற்ற நிறுவனங்களுள் ஒன்றே இச்சீமையோடு பிணைப்புடையது. டோனி தாமஸ், தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு ஆகியோர் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், முதலில் வலைப்பின்னல் நிர்வாக மென்பொருளைத் தயாரித்து, 2005-இல் ஜோஹோ என்ற பெயரில் இணைய வழி அலுவலகச் செயலிகளை வெளியிட்டு, 2008-இல் ஜோஹோ மெயிலைத் தொடங்கி, 2009-இல் ஜோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2011-இல் சில ஊழியர்களோடு தென்காசிப் பகுதியில் தொடங்கிய அதன் அலுவலகம், குற்றாலச் சாரல் எட்டும் மத்தளம்பாறையில் பெரிய வளாகமாக வளர்ந்தது. அப்போது அவ்வூர் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதே ஆண்டில் வேம்புவும் அமெரிக்காவை விட்டு அங்கே குடிவந்தார். கிராமத்து இளைஞர்களைப் பட்டப்படிப்பைக் கேட்காமல் பயிற்றுவித்து உத்தியோகத்தில் அமர்த்தும் அந்நிறுவனத்தின் பள்ளி பலராலும் புகழப்பட்டிருக்கிறது. ஆனால் பயனர்களின் கடிதங்கள் மத்தளம்பாறையிலேயே சேமிக்கப்படுகின்றன என்று இப்பக்கத்தில் பலர் எண்ணுவது தவறான அபிப்பிராயம். அந்நிறுவனத்தின் இந்தியத் தரவு மையங்கள் 2018-இல் மும்பையிலும் சென்னையிலும் திறக்கப்பட்டன. சிற்றாற்றுப் பக்கம் இருப்பவர்கள் மனிதர்கள், யந்திரங்கள் அல்ல.

பெயரே மூலாதாரம் என்பதை இந்நிறுவனத்தைக் காட்டிலும் கடுமையாக அனுபவித்து அறிந்தவர் வேறு எவரும் இல்லை எனலாம். 2018 செப்டம்பர் 24 அன்று, இந்நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்திச் சிலர் மோசடிக் கடிதம் அனுப்பினர் என்ற புகாரின்பேரில், ஜோஹோவின் பிரதான .காம் பெயரை அதன் ரிஜிஸ்ட்ரார் திடீரென நிறுத்திவைத்தார். வந்திருந்த புகார்கள் மூன்றே என்றும், அவற்றுள் இரண்டின்மேல் ஏற்கெனவே நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது என்றும் நிறுவனம் கூறிற்று. சர்வர்கள் யாவும் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்க, அவற்றுக்கு வழிகாட்டும் பெயர் மட்டும் அகற்றப்பட்டதால், கோடிக்கணக்கான பயனர்கள் தங்கள் அஞ்சலைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். ரிஜிஸ்ட்ரார் நிறுவனத்தில் பொறுப்புள்ள ஒருவரைத் தொடர்புகொள்ள வழியின்றி, வேம்பு டுவிட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க நேர்ந்தது. சில மணி நேரத்தில் பெயர் திரும்பியது என்றாலும், உலகெங்கும் உள்ள டிஎன்எஸ் சர்வர்கள் பழைய விடையை மறந்து புதியதை ஏற்கும்வரை பலருக்குத் தொல்லை நீடித்தது. அதன்பின் ஜோஹோ தன் பெயரைக் கிளவுட்ஃபிளேர் என்னும் நிறுவனத்துக்கு மாற்றியதோடு, தானே ரிஜிஸ்ட்ரார் ஆகப்போவதாகவும் அறிவித்தது.

இனி நடைமுறை. பத்தமடைப் பாய் விற்கும் ஒருவர் தம் கடைப் பெயரில் டொமைன் வாங்கி, தளத்தை ஒரு சர்வரிலும் அஞ்சலை ஜோஹோ மெயிலிலும் வைக்க விரும்புவதாகக் கொள்வோம். பெயர் தமக்குரியதே என்று நிரூபிக்க, கொடுக்கப்பட்ட ஒரு வரியை டெக்ஸ்ட் பதிவாக டிஎன்எஸ்ஸில் இடவேண்டும். பிறகு பழைய எம்எக்ஸ் பதிவுகளை நீக்கிவிட்டு, ஜோஹோ தரும் மூன்று சர்வர்களை 10, 20, 50 என்ற முன்னுரிமை எண்களோடு பதியவேண்டும். சிறிய எண்ணுக்கே முதலிடம், மற்றவை முதலாவது விடையளிக்காத வேளைக்கு. இவ்விடத்தில் அநேகர் இடறும் ஒரு சூட்சுமம் உண்டு. எம்எக்ஸை மாற்றிய பின்னும் சி-பேனலில் அஞ்சல் வழியை ‘ரிமோட்’ என்று திருத்தாமல் ‘லோக்கல்’ என்றே விட்டுவிட்டால், வெளியுலகிலிருந்து வரும் கடிதம் யாவும் ஜோஹோவுக்குச் சரியாகப் போய்ச்சேரும்; ஆனால் கடையின் சொந்தத் தளத்தில் வாடிக்கையாளர் நிரப்பும் படிவம் மட்டும், பெட்டி இங்கேயே இருக்கிறது என்ற சர்வரின் எண்ணத்தால் பழைய பெட்டியில் விழுந்து, யாரும் திறவாமலே கிடக்கும். சோதனைக் கடிதங்கள் எல்லாம் வந்துசேர, ஆர்டர்கள் மாத்திரம் வராமற்போகும் மர்மத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அனுப்பும் கடிதத்துக்கும் சாட்சி வேண்டும். எந்தச் சர்வர்கள் இப்பெயரில் அனுப்பலாம் என்று பட்டியலிடுவது எஸ்பிஎஃப்; கடிதத்தில் இரகசியச் சாவியால் கையொப்பமிடுவது டிகிம்; இவை இரண்டும் பொய்த்தால் என்ன செய்வது என்று பெறுபவருக்குக் கூறுவது டிமார்க். ஒரு பெயருக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே இருக்கலாம். ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு ஒன்றும் ஜோஹோவுக்கு ஒன்றுமாக இரண்டு இட்டால் இரண்டுமே செல்லாதவை ஆகிவிடும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன.

மத்திய அரசு 2023-இல் தேசியத் தகவலியல் மையத்தின் வாயிலாகத் தன் அஞ்சலை ஏழாண்டு ஒப்பந்தத்தில் ஜோஹோவிடம் ஒப்படைத்ததும், ஏறத்தாழ 12 லட்சம் ஊழியர்களின் பெட்டிகள் அங்கே மாற்றப்பட்டதும், 2025 அக்டோபர் 8 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா தம் முகவரியை ஜோஹோ மெயிலுக்கு மாற்றியதாக அறிவித்ததும் அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள். அரசாங்க முகவரிகளில் அதிகாரிகளின் பெயருக்குப் பின்வரும் டொமைன் மட்டும் பழையபடி அரசின் உடைமையாகவே இருந்துவருகிறது. பெட்டியை இடம் மாற்றியும் பெயரை விட்டுக்கொடாத அந்த ஏற்பாடு சிறு கடைக்காரர்களும் பின்பற்றத்தக்கது என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். அவர்களுக்கு அதற்கு ஒப்பந்தம் வேண்டாம், ரிஜிஸ்ட்ரார் கணக்கு சொந்தப் பெயரிலும் சொந்தக் கைப்பேசி எண்ணிலும் இருந்தால் போதும். அந்தக் கணக்குக்கு மீட்பு முகவரியாக அதே டொமைனின் அஞ்சலைக் கொடுப்பது மட்டும் கூடாது. பெயர் முடங்கும் நாளில் மீட்புக் கடிதமும் அதனுள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும்.

தமிழ் எழுத்தில் .இந்தியா என்று முடியும் பெயர்களும் இப்போது பதிவுக்குக் கிடைக்கின்றன. அஞ்சல் முகவரியையும் தமிழிலேயே எழுத இடந்தரும் நியமம் 2012-லேயே வெளியாகிவிட்டது. அனுப்பும் சர்வர், பெறும் சர்வர் இரண்டும் அதை ஏற்றாலன்றிக் கடிதம் நகராது. பல இணையப் படிவங்கள் தமிழ் முகவரியைச் செல்லாதது என்று இன்றும் தள்ளிவிடுகின்றன. ஆதலால் அத்தகைய பெயரை வாங்குவோர் தமிழ் முகவரிக்குரிய அதே பெட்டியில் கடிதம் சேரும்படி ஆங்கில எழுத்து முகவரி ஒன்றையும் கூடவே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.