மேடையும் மர்ம நாவலும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் வாசிப்பு வரலாற்றில் விடுபட்ட ஒரு பக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர், தமிழகத்திலிருந்து இந்நாட்டிற்கு வந்து சென்ற எழுத்தாளர்களின் வருகையைச் சிறப்பாகக் குறிப்பிடுவது வழக்கம். யார் எப்பொழுது வந்தார், எங்கே பேசினார், அவர் வருகையால் விளைந்த நூல் யாது என்பன ஓரளவேனும் பதிவு பெற்றுள்ளன. ஆயினும், இந்நாட்டுத் தமிழர் வீடுகளில் பரவலாகப் படிக்கப்பெற்ற மர்ம நாவலும் அதனை எழுதியோரும் இவ்வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. ஆய்வாளர் சிலரின் அலட்சியம் மட்டும் இதற்குக் காரணமன்று. மேடை என்னும் அமைப்பின் இயல்பிலேயே இதற்கான காரணம் உள்ளது என்று நாம் கருதுகிறோம். மர்ம நாவலாசிரியரை மேடை வேறொரு தகுதியின் பெயரால் ஏற்றது. வாசகரோ அவருடைய கதைக்காகவே வந்தனர். மேடையில் நிகழ்ந்தது பதிவாயிற்று. வாசகர் மனத்தில் நிகழ்ந்தது பதிவாகவில்லை. இவ்விடைவெளியைக் கோலாலம்பூரையும் கிள்ளானையும் மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல் முந்தி வந்தது

எழுத்தாளர் கடல் கடப்பதற்கு முன்பே அவர்தம் நூல் கடல் கடந்துவிடுகிறது. தமிழில் துப்பறியும் நாவல் வேரூன்றிய காலம் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளாகும். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வெளிவந்து பல பதிப்புகளைக் கண்டது. அவர் படைத்த துப்பறியும் கோவிந்தன், தமிழ் வாசகர் பெயர் சொல்லி அறிந்த முதல் துப்பறிவாளர்களுள் ஒருவன். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில நாவலாசிரியர்களின் கதைகளைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றி எழுதினார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்' பின்னாளில் 'திகம்பர சாமியார்' என்னும் திரைப்படமாக 1950இல் வெளிவந்தது. செல்வர் வீட்டில் ஒரு குற்றம், குற்றமற்றவர்மீது பழி, மாறுவேடத்தில் திரியும் துப்பறிவாளர், இறுதியில் நீதி என்னும் அமைப்பு இந்நாவல்களுக்குப் பொதுவானது.

இந்நூல்களும் இவை தொடராக வெளிவந்த மாத இதழ்களும் மலாயாவை அடைவதற்கான வழி முன்னரே ஆயத்தமாக இருந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டது. அதுவே 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்த 'ரஜூலா' கப்பல் 1926இல் ஓடத் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு சேவையில் இருந்தது. துறைமுகத்தில் இறங்கிய சரக்கும் மனிதரும் கிள்ளான் வழியாகக் கோலாலம்பூரை அடைந்த இரயில் பாதையின் முனையில், இரயில்வே ஊழியர் குடியிருப்புகளைச் சூழ வளர்ந்ததே பிரிக்பீல்ட்ஸ். அங்கு வாழ்ந்த தமிழகத் தொழிலாளர், யாழ்ப்பாணத்து எழுத்தர், கடைக்காரர், கிள்ளானைச் சூழ்ந்த தோட்டங்களின் கிராணிமார், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆகியோரே மலாயாவில் தமிழ் அச்சு நூலுக்கு வாய்த்த இயல்பான வாசகராவர். ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வழக்கம் நிலவிய காலத்தில், எழுத்தறியாதாரும் கதையறிந்தவராயினர்.

இவ்வாசிப்பின் சுவட்டை மலாயாவின் தொடக்ககால நாவல்களின் பெயர்களிலேயே காணலாம். க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917இலும், 'பாலசுந்தரம் அல்லது சன்மார்க்க ஜெயம்' 1918இலும் வெளிவந்தன. 'அல்லது' என்று இணைத்து இரட்டைத் தலைப்பிடுதல் அக்காலத் தமிழக வெகுசன நாவலின் அடையாளங்களுள் ஒன்று. எனவே, இந்நாட்டு நாவலின் பிறப்பை ஆராய்வோர் தமிழகத்தின் சீர்திருத்த நாவல்களோடு நின்றுவிடாமல், மர்ம நாவல் மரபையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

மேடை உருவான வகை

நூலுக்குக் கடை வழியாயிற்று. எழுத்தாளருக்கு மேடை வழியாயிற்று. இம்மேடை இலக்கியத்திற்கென எழுந்ததன்று. 1927இல் இரவீந்திரநாத தாகூர் மலாயாவில் சுற்றுப்பயணம் செய்தபொழுது விசுவபாரதிக்கு நிதி திரட்டுவது அவர்தம் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய பெரியார் ஈ. வெ. இராமசாமி சமூகச் சீர்திருத்தத்தை முன்வைத்து ஊர் ஊராகச் சென்று உரையாற்றினார். ஆக, கடல் கடந்து வருபவர் பெருநோக்கம் ஒன்றின் தூதராக வருபவர் என்னும் எதிர்பார்ப்பு நிலைபெற்றது. மாலை, வரவேற்புரை, நீண்ட சொற்பொழிவு, நன்கொடை என்னும் நிகழ்ச்சி முறை அவ்வெதிர்பார்ப்பின் வடிவமே. 1952இல் கோ. சாரங்கபாணி முன்னெடுத்த தமிழர் திருநாள், இம்மேடையைத் தமிழ்மொழி உணர்வின் களமாக விரிவுபடுத்தியது.

இதே காலத்தில் இலக்கியத்திற்கெனத் தனி அளவுகோலும் உருவாயிற்று. 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, நல்ல சிறுகதை எது என்பதை இளைஞர்க்குக் கற்பித்தது. 1950களில் அந்நாளிதழின் ஆசிரியப் பொறுப்பேற்றுக் கோலாலம்பூரில் வாழ்ந்த கு. அழகிரிசாமி, நவீன இலக்கிய உணர்வை இங்கு ஊன்றினார். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராயிருந்த தனிநாயக அடிகளாரின் முயற்சியால் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. இவற்றால் மலேசியத் தமிழிலக்கியம் பெற்ற ஊட்டம் மிகப் பெரிது. ஆயினும், நடப்பியல் சிறுகதையும் செவ்வியல் ஆய்வும் மதிப்புப் பெற்ற இவ்வளர்ச்சியில், மர்ம நாவல் பேசத்தகாத பொருளாக ஒதுங்கிற்று. தமிழகத்திலும் நாவல் வாசிப்பே பொழுதை வீணாக்குவது, ஒழுக்கத்தைக் கெடுப்பது என்று முன்னர்க் கண்டிக்கப்பட்டதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்னும் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். நாவலின் பிற வகைகள் அப்பழியிலிருந்து விடுபட்ட பின்னரும், மர்ம நாவல் அதனைச் சுமந்தே நின்றது.

மாறுவேடத்தில் நாவலாசிரியர்

மர்ம நாவலில் துப்பறிவாளர் மாறுவேடம் பூணுவார். மேடையில் மர்ம நாவலாசிரியரே அதைப் பூண நேர்ந்தது. இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆர்தர் கானன் டாயில் 1893 டிசம்பரில் வெளிவந்த கதையில் ஷெர்லக் ஹோம்ஸின் வாழ்வை முடித்துவிட்டு, 1894இல் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்டார். நாவலாசிரியர் ஜார்ஜ் மெரிடித் பற்றிய உரையையும் அவர் ஆயத்தம் செய்திருந்தார். அவையோர் பெரிதும் விரும்பியது அவர்தம் படைப்புகளைப் பற்றிய உரையையே. பின்னர் 1920-21இல் ஆஸ்திரேலியா சென்றபொழுது ஆவியுலகக் கொள்கையைப் பரப்பும் பேச்சாளராகச் சென்றார். தாம் புகழ் பெற்ற துறையைப் பற்றியன்றி வேறொன்றைப் பற்றிப் பேசவே அவர் விரும்பினார்.

தமிழில் வை. மு. கோதைநாயகி அம்மாள் இதற்கொரு சிறந்த சான்று. 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிய அவர்தம் தொடக்கப் படைப்புகளில் துப்பறியும் கூறுகள் மிகுதி. அவர் தலைசிறந்த மேடைப் பேச்சாளருமாவார். எனினும், மேடை அவரை விடுதலை இயக்கத் தொண்டராகவும் சீர்திருத்தம் பேசியவராகவும் ஏற்றுக்கொண்டது. அவர்தம் கதைகளில் வாசகர் கண்ட சுவை மேடையின் பேசுபொருளாகவில்லை.

தமிழ்வாணன் (1926-1977) இம்மாறுவேடத்தையே தம் அடையாளமாக மாற்றிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் எழுத்தாளர் முகத்தை வாசகர் மனத்தில் பதித்தன. அவருடைய சங்கர்லால் அயல்நாட்டு நகரங்களுக்கெல்லாம் சென்று துப்பறிந்தார். 'டோக்கியோ ரோஜா' என்னும் தலைப்பே அதற்குச் சான்று. ஆசிரியரோ 'கல்கண்டு' இதழ் வாயிலாகப் பொது அறிவும் தன்முன்னேற்றமும் நல்ல தமிழும் போதித்தார். போதிப்பவர் என்ற தகுதி கதை சொல்பவருக்கு மதிப்பை ஈட்டித் தந்தது. அண்மைக்காலத்தில் இந்திரா சௌந்தர்ராஜனிடத்தும் (1958-2024) இதே நிலையைக் காண்கிறோம். 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடர்வழி 1990களில் பெரும்புகழ் எய்திய அவர், மேடைகளில் ஆன்மிகச் சொற்பொழிவாளராகவே மிகுதியும் அறியப்பட்டார்.

இவர்கள் போலியாகப் பேசினர் என்பது நம் கருத்தன்று. தேசத்தொண்டும் மொழிப்பற்றும் ஆன்மிகமும் இவர்களுக்கு உண்மையாகவே உரியவை. ஆயினும், கதைத் தொழிலைப் பற்றி மட்டுமே ஒரு மாலைப்பொழுது பேச இவர்களை மேடை அழைப்பது அரிதாகவே இருந்தது. இதுவே நாம் சுட்ட விழைவது.

பேச வந்தவரும் கேட்க வந்தவரும்

எழுத்தாளர் பயணத்தின் பயனை அவர் ஆற்றிய உரையால் மட்டும் அளத்தல் இயலாது. 1911 ஏப்ரலில் கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத் தலைமையாசிரியர் இல்லத்தில் எதல் ப்ரௌட்லாக் என்னும் பெண்மணி ஒருவரைச் சுட்டுக் கொன்றார். மரண தண்டனை விதிக்கப்பட்ட அவர் சிலாங்கூர் சுல்தானின் மன்னிப்பால் விடுதலையானார். 1921இல் மலாயாவிற்கு வந்த சாமர்செட் மாம் இவ்வழக்கைச் செவிவழி அறிந்து, களத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றித் 'தி லெட்டர்' என்னும் கதையாக்கினார். அவர் இங்குப் பெற்றது கேட்டதனால் விளைந்தது. அகிலன் 1975இல் மலேசியா வந்தபொழுதும் இதுவே நிகழ்ந்தது. இரப்பர்த் தோட்ட வாழ்வைக் கண்டும் கேட்டும் அறிந்ததன் பயனாக 'பால்மரக் காட்டினிலே' 1977இல் வெளிவந்தது. அகிலன் மர்ம நாவலாசிரியர் அல்லர். எனினும் வருகை தந்த எழுத்தாளர் வாசகரிடமிருந்து பெற்றுச் செல்வதும் உண்டு என்பதற்கு அவர் பயணம் நல்ல எடுத்துக்காட்டாகும்.

மர்ம நாவல் வாசகரிடத்தில் பெறுவதற்கு நிரம்ப உண்டு. 1980களில் மாத நாவல் அலை எழுந்தபொழுது ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் படைப்புகள் கையடக்கப் பதிப்புகளாகப் பரவின. ராஜேஷ்குமாரின் 'வாடகைக்கு ஓர் உயிர்' 1980இல் 'மாலைமதி'யில் வெளிவந்தது. பின்னர் அவர்தம் நாவல்கள் ஆயிரத்தைந்நூற்றைக் கடந்தன. இத்தகைய நூல்களைத் தொடர்ந்து படிப்பவர் தடயத்தை நினைவில் இருத்தவும், கூற்றின் முரணைக் காணவும், ஆசிரியர் மறைத்ததை ஊகிக்கவும் பழகுகிறார். இலக்கியத் திறனாய்வு வகுப்பில் நாம் மாணவர்க்குக் கற்பிக்க முயலும் நுண்வாசிப்பின் தொடக்கநிலை இதுவேயன்றோ? 'இரண்டாம் அத்தியாயத்தில் பூட்டியிருந்த கதவு ஏழாம் அத்தியாயத்தில் திறந்திருப்பது எப்படி?' என்று வினவக்கூடிய வாசகருக்கு, நூல் வெளியீட்டு விழாவின் நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. பொன்னாடையும் வாழ்த்துரைகளும் முதல் நூல் பெறுவோர் வரிசையும் முடிந்தபின், கையொப்பம் பெறும் சில நொடிகளே அவருக்கு எஞ்சுகின்றன.

இதற்கு மறுப்பும் உண்டு. மர்ம நாவல்களுள் பல அவசரத்தில் எழுதப்பெற்றவை; கதையமைப்பு மீள மீள வருவது; பெண்களைக் காட்சிப் பொருளாக்கும் அட்டைகளும் வருணனைகளும் கண்டிக்கத்தக்கவை. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால், தகுதி குறைந்த நூல் என்னும் தீர்ப்பு, அந்நூலைப் படித்தவரின் வரலாறும் தேவையற்றது என்னும் தீர்ப்பாகிவிடக் கூடாது. சென்னையில் 2008இல் வெகுசனத் தமிழ்ப் புனைகதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுதி ஒன்று வெளிவந்தபின் இவ்வெழுத்து அயல்மொழி வாசகரின் கவனத்தைப் பெற்றது. ஷாமினி பிளிண்ட் ஆங்கிலத்தில் எழுதிய இன்ஸ்பெக்டர் சிங் வரிசையின் முதல் நாவல் 2009இல் கோலாலம்பூரையே களமாகக் கொண்டு வெளிவந்தது. இந்நகரின் மர்மத்தைத் தமிழில் எழுதுவோர்க்கு நாம் என்ன ஊக்கம் அளித்தோம் என்று வினவ வேண்டிய கடப்பாடு நமக்குண்டு.

முடிவுரை

நூலும் எழுத்தாளரும் வந்த கடல்வழி இன்றில்லை. 1985இல் தீவிபத்துக்குள்ளான 'சிதம்பரம்' கப்பலோடு அப்பயணச் சேவை முடிவுற்றது. 1924இல் தோன்றி எழுத்தாளர் வருகைகளை அறிவித்தும் பதிவு செய்தும் வந்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே குடியிருப்புகளிருந்த இடங்களில் உயர்ந்த கட்டடங்கள் எழுந்துள்ளன. மலிவான தாளில் அச்சான கையடக்க நாவல்கள் பழுப்பேறி, வீடு மாறும்பொழுது முதலில் எறியப்படுவனவாக உள்ளன. அவற்றைப் படித்து வளர்ந்த தலைமுறையும் முதுமை எய்திவிட்டது.

எனவே, மூன்று பணிகளை நாம் முன்மொழிகிறோம். முதலாவது, கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் இல்லங்களில் எஞ்சியுள்ள மர்ம நாவல்களை, வாடகை நூலகங்களின் முத்திரையும் உரியவர் கையெழுத்தும் அழியாவண்ணம் பல்கலைக்கழக நூலகங்கள் சேகரித்தல் வேண்டும். இரண்டாவது, மூத்த வாசகர்களின் வாய்மொழிப் பதிவுகளை இந்திய ஆய்வியல் மாணவர்கள் தம் களப்பணியாக மேற்கொள்ளுதல் வேண்டும். மூன்றாவது, அடுத்து ஒரு மர்ம நாவலாசிரியர் இங்கு அழைக்கப்படும்பொழுது, அவரைக் கதை சொல்பவராகவே அமரச் செய்து, கூட்டத்தின் பாதிப் பொழுதையேனும் வாசகரின் வினாக்களுக்கு ஒதுக்குதல் வேண்டும். பூட்டிய கதவைப் பற்றிக் கேட்கக் காத்திருக்கும் அந்த வாசகர் முதலில் கேட்கட்டும். அவ்வினாவும் விடையும் எழுத்தில் பதிவாகுமாயின், நம் இலக்கிய வரலாற்றில் விடுபட்ட பக்கத்தின் முதல் வரி எழுதப்பெற்றதாகக் கொள்ளலாம்.