பாலைநிலத்து அமைச்சனும் பாழான ஊர்களும்

இராசத்தானத்தின் மேற்கு எல்லையில், தார்ப் பாலையின் நடுவே அமைந்த நகரம் ஜெய்சால்மர். பாட்டி குலத்து இராவல் ஜெய்சால் என்னும் மன்னன் 1156இல் இதனை நிறுவினான் என்பர். சிந்து நாட்டிற்கும் வடநாட்டுச் சந்தைகளுக்கும் இடையே சென்ற ஒட்டகச் சாத்துகள் இங்கே தங்கிச் சுங்கம் செலுத்தின. மாளவத்து அபினியும் கங்கைச் சமவெளியின் அவுரியும் இவ்வழியே மேற்கு நோக்கிச் சென்றன. மழை அரிதாகிய அந்நாட்டிற்கு வணிகமே உயிர்நாடியாக இருந்தது. அவ்வணிகத்தில் சமணப் பெருமக்கள் சிறப்புற்று விளங்கினர். கோட்டைக்குள் அவர்கள் எழுப்பிய மஞ்சள்நிறக் கல் ஜினாலயங்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளன.

அந்நாட்டிற்கு மற்றொரு தூணாக நின்றவர்கள் பாலிவால் அந்தணர்கள். குல்தரா, காபா முதலிய 84 ஊர்களில் அவர்கள் வாழ்ந்ததாக மரபு கூறும். மழைநீர் ஓடிவரும் தாழ்நிலத்தில் கரை எழுப்பி நீரைத் தேக்குவர். அந்நீர் மண்ணில் சுவறியபின் அவ்விடத்திலேயே கோதுமை விதைப்பர். 'காதீன்' எனப்படும் இம்முறையால் பாலையிலும் பயிர் விளைந்தது. வேளாண்மையோடு வணிகமும் கொடுக்கல் வாங்கலும் அவர்கள் கைக்கொண்ட தொழில்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மன்னன் மூல்ராஜின் அவையில் அமைச்சன் சுவரூப் சிங் இளவரசனால் வெட்டுண்டான். சிறுவனாயிருந்த அவன் மகன் சாலிம் சிங் பின்னாளில் அப்பதவியை அடைந்தான். பழியுணர்ச்சி அவனை முதலில் ஆட்கொண்டது. பொருளாசை அதனைத் தொடர்ந்தது. வரியென்றும் தண்டமென்றும் குடிகளிடம் பொருளைப் பறித்தான். அவனைச் சமண சமயத்தவன் என்றே கர்னல் டாட் தம் இராசத்தான வரலாற்று நூலில் குறிக்கின்றார். நமக்கு இது நாணம் தரும் செய்தியேயாயினும் மறைத்தற்குரியதன்று. 1818இல் ஆங்கிலேயருடன் செய்த உடன்படிக்கை அரசுக்குப் பாதுகாப்பளித்தது. அதன் நிழலில் அமைச்சனின் பிடி மேலும் இறுகியது.

விளைவு யாது? பாலிவால்கள் நாட்டைவிட்டு அகன்றனர். அமைச்சன் ஒரு பெண்ணை விரும்பினான் என்றும், 84 ஊராரும் ஒரே இரவில் சாபமிட்டு வெளியேறினர் என்றும் மக்கள் கதை கூறுவர். ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை. பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகவே ஊர்கள் வெறுமையாயின என்றும், நீர்வளம் குன்றியதும் ஒரு காரணம் என்றும் அவர்கள் கருதுகின்றனர். சாபத்தைக் காட்டிலும் இதுவே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இன்று ஒரு குடும்பம், நாளை ஒரு தெரு என மக்கள் பெயரும்பொழுது ஆள்வோன் அதனை உணர்வதில்லை. உழுவோரும் கடன் கொடுப்போரும் போனபின் வரி கொடுக்க யார் உளர்? கருவூலத்தை நிரப்பப் புறப்பட்டவன் அதன் ஊற்றையே அடைத்துவிட்டான். சாத்துகள் வேறு வழி நாடின. பின்னர்ப் பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தபொழுது எஞ்சிய வணிகமும் நலிந்தது.

சாலிம் சிங் 1824இல் மாண்டான். அவன் நஞ்சூட்டப்பட்டான் என்பர். மயில்வடிவத் தாங்குகற்களோடு அவன் கட்டிய மாளிகை மட்டும் காண்போர் வியப்பிற்காக நிற்கிறது. குல்தராவில் கூரையற்ற சுவர்கள் நிற்கின்றன.

அதே நகரில் வேறொரு செல்வமும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் ஜினபத்திர சூரி என்னும் ஆசாரியர் நிறுவிய ஞானபண்டாரம் கோட்டை ஆலயத்தில் உள்ளது. இல்லறத்தார் ஈந்த பொருளால் எழுதப்பெற்ற ஓலைச்சுவடிகள் அங்கே நூற்றாண்டுகளைக் கடந்து காக்கப்படுகின்றன. பறித்த பொருள் அழிந்தது. ஈந்த பொருள் நின்றது.

பொருளீட்டலை நம் அறம் தடுப்பதில்லை. அதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுமாறு பணிக்கிறது. இல்லறத்தாரின் ஐந்து அணுவிரதங்களுள் பொருள் வரைதல் ஒன்றாக வைக்கப்பட்டதும், தசலட்சண தருமங்களுள் உத்தம சௌசம் உலோபத்தை நீக்கும் தூய்மையாகக் கூறப்படுவதும் இக்கருத்துப் பற்றியே. இவ்விழா நாளில் இல்லந்தோறும் குடும்பத்தார் ஒருங்கு அமர்ந்து, 'நமக்கு எவ்வளவு போதும்' என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. அவ்வினாவை ஓர் அமைச்சன் எழுப்பாமையால் ஒரு நாடே வறண்டது.